விபி6 தெரிந்தவருக்கு இனி வேலை உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

(ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத் தோல், காலணி நிறுவனங்களுக்கு ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியின் காலத்திலிருந்து மென்பொருள் எழுதி வருபவர், இப்போது காட்பாடியில் இருந்தபடி பழைய மென்பொருள்களைப் புதிய தளங்களுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்பவர், இந்தப் பகுதியில் பதில் தருகிறார்.)

மேடம், எனக்கு 44 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடமாக புரோகிராமர். விபி6 (விஷுவல் பேசிக் 6) மொழி, எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸ் இரண்டும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஸ்டோர்ஸ், கட்டிங், ஏற்றுமதி பில் எல்லாமே நான் எழுதியது. இப்போது நிர்வாகம் கிளவுட் ஈ.ஆர்.பி.க்கு, அதாவது எல்லாத் துறைக் கணக்கையும் இணையத்தில் ஒன்றாக நடத்தும் மென்பொருளுக்குப் போகிறது. அதற்காக வந்திருக்கும் பசங்களுக்கு என் மகனைவிட நாலைந்து வயதுதான் அதிகம். என்னை இனி வைத்துக்கொள்வார்களா? இந்த வயதில் எதைப் படிப்பது?
– பெயர் வேண்டாம், ஆம்பூர்

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் கலந்து கிடக்கிறது சார். மென்பொருள் ஓடாமல் போய்விடுமோ என்பது ஒன்று. உங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு அவசரம் இல்லை. விபி6 வந்தது 1998-இல். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2008-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய புரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே வருகின்றன. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனிப் புதிய பதிப்பே கிடையாது என்று 2007-இல் அறிவித்தார்கள். அதில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் வாணியம்பாடி பக்கம் இன்றைக்கும் இருக்கின்றன. பழைய மென்பொருள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

இரண்டாவது பயம் நியாயமானது. விபி6 ஆள் தேவை என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் என்ற பழைய மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து, பல பத்தாண்டு பழைய கணினிகள் திணறிய நேரம் அது. அந்தச் செய்தியைக் காட்டி, ‘பழசு தெரிந்தவனுக்கு என்றைக்கும் மவுசு’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்பச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம். அவையும் ஆம்பூரில் இல்லை.

அப்படியானால் உங்களிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? நீங்கள் எழுதாமல் விட்டதுதான். வெட் ப்ளூவில் (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) அளந்த சதுர அடி கிரஸ்ட்டில் (உலர்த்திய, இறுதி மெருகு ஏறாத தோல்) அப்படியே வராது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே லாட்டில் செலக்‌ஷன் தரவாரியாகப் பிரித்தபின் விலை எப்படி மாறும் என்று தெரியும். வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போன அப்பர் (ஷூவின் மேல்பகுதி) திரும்பி வரும்போது குறையும் ஜோடிகளை எந்தக் கணக்கில் தள்ளுவது என்று தெரியும். சப்ளையர் சதுர அடியில் சொல்வதை வெளிநாட்டு பையர் டெசிமீட்டரில் கேட்பார். ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர் என்று பெருக்கிக் கொடுக்கிறீர்கள். முழு ஷூவை 6403 என்ற சரக்குக் குறியீட்டில் போட வேண்டும், அப்பர் மட்டும் என்றால் 6406 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். வந்திருக்கும் பசங்களுக்கு கிளவுட் தெரியும்; இதில் ஒன்றுமே தெரியாது. இதையெல்லாம் அவர்கள் உங்கள் கோடிலிருந்துதான் தோண்டி எடுத்தாக வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். விபி6-இல், பின்னத்தை முழு எண்ணாக்கும் ரவுண்ட்(2.5) என்று கொடுத்தால் 2 வரும். ரவுண்ட்(3.5) கொடுத்தால் 4 வரும். சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். எஸ்.க்யூ.எல். சர்வரின் ரவுண்ட் அதே 2.5-ஐ 3 ஆக்கும். ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்டும் 3 தான் தரும். ஆனால் கிரெடிட் நோட்டுக்காக மைனஸ் 2.5 கொடுத்துப் பாருங்கள்: எஸ்.க்யூ.எல். சர்வர் மைனஸ் 3 என்கும், ஜாவாஸ்கிரிப்ட் மைனஸ் 2 என்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆவது பிரிவோ, ஐம்பது காசும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாயாக ஏற்று, அதற்குக் குறைந்தால் விட்டுவிடு என்கிறது. இருபது வருடத்தில் விபி6-இன் ரவுண்டை நம்பாமல் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதுத் தளத்துக்கு மாற்றும்போது அந்த ஃபங்ஷன் ஏன் இருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதைத் தூக்கிவிட்டு மொழியில் இருக்கும் ரவுண்டையே போடுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மார்ச் மாத முடிவில் கணக்கு ஒத்துப்போகாது. ஆடிட்டர் போன் செய்வார், மூன்று நாள் எல்லோரும் தேடுவார்கள்.

அதனால் நிர்வாகத்திடம் போய், ‘எனக்கு வேலை இருக்குமா?’ என்று கேட்காதீர்கள். ‘பழைய டேட்டாவைப் புதுசுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை என்னிடம் கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஈ.ஆர்.பி. மாற்றத்தில் எல்லோரும் பயப்படும் இடம் அதுதான்; யாரும் கையை நீட்டாத இடமும் அதுதான். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் தயாராகப் போங்கள். எத்தனை ரிப்போர்ட் இருக்கிறது, ஒவ்வொன்றையும் யார் பார்க்கிறார், எதை ஒருவருமே திறப்பதில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஐட்டம் மாஸ்டரில் ஒரே சோல் மூன்று பெயரில் கிடக்கும். அவற்றை இப்போதே ஒன்றாக்குங்கள். பழையதிலும் புதியதிலும் ஒரே மாதத்தின் ஸ்டாக்கை, பில் தொகையை, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) கணக்கைக் கூட்டி ஒப்பிடும் எஸ்.க்யூ.எல். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு சிஸ்டமும் சேர்ந்து ஓடும் மாதங்களில் அந்தக் காகிதங்கள்தான் மீட்டிங் டேபிளில் இருக்கும். அந்த அறையில் உங்களைத் தவிர வேறு யாராலும் அவற்றைப் படித்துச் சொல்ல முடியாது.

படிப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விபி டாட்நெட் பக்கம் போகாதீர்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கை அங்கேதான் போகும். அந்த மொழியை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2020-இல் சொல்லிவிட்டது. நேராக சி ஷார்ப் எடுங்கள். அதற்கும் முன்னால், கையிலிருக்கும் எஸ்.க்யூ.எல்.லை ஆழமாக்குங்கள். விண்டோ ஃபங்ஷன்கள், இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது, எக்ஸிக்யூஷன் பிளானை எப்படிப் படிப்பது, இவை மூன்றும் எங்கே போனாலும் செல்லும். பிறகு போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல். என்ற இலவச டேட்டாபேஸில் அதே வேலையைச் செய்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று கவனித்தாலே பாதிப் படிப்பு முடிந்தது. அப்புறம் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு ஜேசன் வடிவில் பேசும் ஏ.பி.ஐ. வேலை, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். இவ்வளவு போதும். சர்டிஃபிகேட்டுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பயோடேட்டாவில் முதல் வரியாக ‘விபி6 புரோகிராமர், 20 வருடம்’ என்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ‘தோல் காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் ஸ்டோர்ஸ், உற்பத்தி, ஏற்றுமதிக் கணக்கு முழுவதையும் கட்டிப் பராமரித்தவர்’ என்று எழுதுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக எல்லா பில்லையும் மாற்றியது நீங்கள்தானே, அது எங்கே? அதையும் எழுதுங்கள். மொழிகளின் பெயர் கடைசி வரிக்குப் போகட்டும்.

அக்கா, காட்பாடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சீனியர் ஒருவர் ஜாவா என்கிறார், ஒருவர் பைத்தான் என்கிறார், யூடியூபில் ரஸ்ட் என்கிறார்கள். எதைப் படித்தால் பத்து வருடம் தாங்கும்?
– மாணவர், காட்பாடி

ஜாவாவோ பைத்தானோ, கல்லூரியில் உங்களுக்கு எது நன்றாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1990-களில் வளர்ந்தவை, இரண்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. ஒன்றில் மட்டும் நிஜமாகவே கை பழகும் வரை இன்னொன்றைத் தொடாதீர்கள். ரஸ்ட் நல்ல மொழி. நினைவக மேலாண்மை என்றால் என்ன என்று சி-யில் ஒருமுறை அடிபட்ட பிறகு படித்தால்தான் அதன் அருமை தெரியும்.

பத்து வருடம் தாங்குவது எது என்று கேட்கிறீர்கள். உங்கள் சிலபஸிலேயே இருக்கிறது. சி மொழி 1972 வாக்கில் வந்தது. எஸ்.க்யூ.எல்.லின் முன்வடிவம் 1974-இல் வந்து, 1986-இல் தரமாக ஏற்கப்பட்டது. யூனிக்ஸ் 1969-இல் தொடங்கியது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் லினக்ஸ் அந்த வழியில் வந்ததுதான். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்ஸ், டேட்டாபேஸ் மூன்றையும் பரீட்சைக்கு முந்தைய நாள் ஜெராக்ஸ் நோட்ஸில் முடித்துவிட்டு, ஃபிரேம்வொர்க்குக்காக ஆறு மாதம் செலவழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மூன்று பாடத்தையும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இலவசமாகவே நடத்துகிறார்கள். பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தியதிலிருந்து பக்கம் திரையில் வரும்வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

மேடம், ஆங்குலர்ஜே.எஸ். என்ற வெப் ஃபிரேம்வொர்க், ஜாவா இரண்டிலும் சென்னையில் நான்கு வருடம் வேலை செய்தேன். குழந்தைகளுக்காக விட்டேன், எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது குடியாத்தத்தில் இருக்கிறேன். திரும்ப வர ஆசை. ஆனால் வேலை விளம்பரங்களைப் படித்தால் ஒரு வார்த்தைகூடத் தெரிந்ததாக இல்லை. எட்டு வருடத்தை எப்படிச் சமாளித்துச் சொல்வது?
– வாசகி, குடியாத்தம்

சமாளிக்கவே வேண்டாம் அம்மா. பிள்ளைகளை வளர்த்தேன் என்று ஒரே வரியில் நேராகச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் நிம்மதி இருக்காது.

நீங்கள் எழுதிய ஆங்குலர்ஜே.எஸ்.ஸுக்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2016-இல், அதே பெயரில் கிட்டத்தட்ட புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் வந்துவிட்டது. அதாவது நீங்கள் வேலையில் தொடர்ந்திருந்தாலும் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி கற்றுத்தான் இருப்பீர்கள். உங்கள் கூட வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் கற்றார்கள். வித்தியாசம், அவர்களுக்கு அதற்குச் சம்பளம் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எச்.டி.டி.பி. மாறவில்லை. கெட், போஸ்ட் மாறவில்லை. எச்.டி.எம்.எல். ஃபார்ம், எஸ்.க்யூ.எல். ஜாயின், ஜாவாவின் கலெக்‌ஷன்கள், எல்லாம் அதே இடத்தில் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. புதிதாக வந்தவற்றில் டைப்ஸ்கிரிப்டை (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) முதலில் எடுங்கள். ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு அது பழகிய வீடு மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் கை வந்துவிடும். அதன் மேல் ரியாக்டோ ஆங்குலரோ ஏதாவது ஒன்று. ஜாவாவில் ஸ்பிரிங் பூட். டாக்கர் என்றால் என்ன என்று தெரிந்து ஒரு சின்ன புரோகிராமை அதில் ஓடவிடும் அளவுக்குப் போதும்.

அப்புறம், பாடத்தில் வரும் ‘செய்யவேண்டியவை’ பட்டியல் ஆப்பைக் கட்டி, கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடாதீர்கள். ஆயிரம் பேர் அதையே போட்டிருக்கிறார்கள். நீங்கள் இருப்பது குடியாத்தம். கைலி நெய்யும் ஊர். உங்கள் தெருவிலேயே பாவு கொடுத்துத் துணி வாங்கும் ஒருவர் இருப்பார். யாருக்கு எவ்வளவு நூல் போனது, எத்தனை கைலி திரும்பி வந்தது, எவ்வளவு கூலி பாக்கி என்று சிட்டை நோட்டில் எழுதி வைத்திருப்பார். அவரிடம் உட்கார்ந்து கேட்டு, போனில் திறக்கும்படி அந்த நோட்டைக் கட்டுங்கள். இணையம் போய்ப் போய் வரும். அப்போதும் பதிவு தொலையாமல் இருக்க வேண்டும். கூலி விகிதம் நடுவில் மாறும்; பழைய பதிவின் தொகை மாறக் கூடாது. கொடுத்த நூலுக்கும் வந்த துணிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் தீர்த்துவிட்டு நேர்காணலில் உட்கார்ந்தால் கேள்வியெல்லாம் அதைச் சுற்றியே வரும்; பதில் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும். அவரும் அதை நிஜமாகவே பயன்படுத்த ஆரம்பித்தால் பயோடேட்டாவில் கடைசி வேலைக்குப் பிறகு வெற்றிடம் இருக்காது.

முதல் வேலை பழைய சம்பளத்தில் கிடைக்காமல் போகலாம். ஒரு வருடத்துக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் ஏற்க வேண்டாம், கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கோடிங் படிப்பதே வீண் என்கிறார்களே?
– வாசகர், வாலாஜாபேட்டை

2022 நவம்பரில் சாட்ஜி.பி.டி. வந்ததிலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. நானும் அந்தக் கருவிகளைத் தினமும் வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஃபாக்ஸ்ப்ரோ கோடைக் கொடுத்து, இது என்ன செய்கிறது என்று கேட்டால் நல்ல தெளிவாகவே சொல்கிறது. முன்பு இரண்டு நாள் உட்கார்ந்து படித்த வேலை அது. இந்த வசதியை வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் சீக்கிரம் பின்தங்கிவிடுவார்கள்.

ஆனால் மேலே ஆம்பூர் வாசகருக்குச் சொன்ன ரவுண்ட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வரித் தொகையை முழு ரூபாயாக்க பைத்தானில் எழுதிக் கொடு என்று கேட்டு, அது ரவுண்ட் போட்டுக் கொடுத்தால், பைத்தான் 3-இலும் 2.5 என்பது 2 ஆகும். பைத்தான் 2-இல் அதே 2.5 மூன்றாகிக்கொண்டிருந்தது! பழைய பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்து எல்லோரும் 3-க்கு மாறியபோது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் இந்த விடை மாறியது. கோடு ஓடும், திரையில் எண் வரும். அது தப்பு என்று சட்டமும் தெரிந்து, மொழியும் தெரிந்த ஒரு ஆள்தான் பிடிக்க முடியும். எழுதும் வேலை குறையும். எழுதியதைப் படித்து, சோதித்து, இதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் வேலை கூடும். தட்டச்சு மட்டுமே தெரிந்தவர்களுக்குக் கஷ்டகாலம்தான். அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆரணியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். பாமினி ஃபாண்டில் அடித்த பழைய மலர்கள், கோயில் தல வரலாறு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் குவிந்திருக்கிறது. டிப்ளமோவில் கொஞ்சம் புரோகிராமிங் படித்தேன். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், ஆரணி

இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு தளம் மாறிய இடத்தின் மேல்தான். பாமினி போன்ற ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஃபாண்டை எடுத்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை கிறுக்கலாகிவிடும், கூகுளில் தேடினால் கிடைக்காது. 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. பிறகு 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை (எல்லா மொழிக்குமான பொது எழுத்துக் குறியீடு) ஏற்றது. ஆனால் அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. அச்சகங்களில், சங்கங்களில், கோயில்களில், கல்லூரிகளில்.

மாற்றித்தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. ஆனாலும் ஆள் தேவைப்படுகிறது. ஏன் என்று ‘கொ’ என்ற ஒரே எழுத்தை வைத்துப் பாருங்கள். பழைய ஃபாண்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்றாக அடித்தோம். யூனிகோடு முதலில் க-வை வைத்து, அதன் பின்னால் ஒகரக் குறியை வைக்கிறது. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். அந்த ஒகரக் குறியையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சீராக்காமல் விட்டால், தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் இரண்டும் வெவ்வேறாகிவிடலாம். ஒரே வாக்கியத்தின் நடுவில் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் ஆங்கில ஃபாண்டில் இருந்தால் அதையும் தமிழாக்கி நாசம் செய்துவிடும் கருவிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பைத்தானில் கோப்பைத் திறந்து, எந்தப் பகுதி எந்த ஃபாண்டில் இருக்கிறது என்று பார்த்து, மாற்றி, வரிசை திருத்தி, சீராக்கி, மாற்ற முடியாததைத் தனியே பட்டியலிடும் ஒரு புரோகிராம் எழுதுங்கள். சரங்களைக் கையாள்வது, யூனிகோடு, கோப்பு வடிவங்கள், சோதனை என்று நாலு பெரிய பாடங்களை ஒரே வேலையில் கற்றுவிடுவீர்கள். தமிழிலேயே படிக்க வேண்டுமானால் கணியம் தளத்தில் பைத்தான், லினக்ஸ் பற்றி எளிய கட்டுரைகள் இலவசமாக இருக்கின்றன. எழுதியதைத் திறந்த மூலமாக வெளியிடுங்கள், உங்கள் ஊர் கோயில் தல வரலாற்றையே முதலில் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்து மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தால் சென்டருக்கும் வருமானம். எழுத்துப் பிழை பார்க்கும் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது பெரிய நகரத்து புரோகிராமர்களிடம் அநேகமாக இல்லை.

ஆண்ட்ராய்டில் ஜாவாவில் ஆப் எழுதுகிறேன். எல்லோரும் காட்லின் மொழிக்குப் போகச் சொல்கிறார்கள். அது முடிந்ததும் இன்னொன்று வருமே?
– வாசகர், திருப்பத்தூர்

வரும். காட்லினை 2017-இல் கூகுள் ஏற்றது, 2019-இலிருந்து அதற்குத்தான் முதலிடம் என்றது. அதனால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். ஜாவா தெரிந்தவருக்கு அது பெரிய மலை இல்லை. இரண்டையும் ஒரே ஆப்பில் கலந்தே வைக்கலாம், ஒவ்வொரு கோப்பாக மாற்றலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2006-இல் தொடங்கி 2014-இல் மூடினார்கள். நடுவில், 2011 பிப்ரவரியில், தன் போன்களில் ஓடிய சிம்பியன் மென்பொருளைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்குப் போவதாக நோக்கியா அறிவித்தது. சிம்பியனுக்கென்றே இருந்த விசித்திரமான விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அதன் பிறகு அது எங்கேயும் உதவவில்லை. அதே நோக்கியா காலத்தில் க்யூட் என்ற கருவித்தொகுப்பையும் சி பிளஸ் பிளஸ்ஸையும் சேர்த்துப் பழகியவர்களுக்கு வேறு வாசல் இருந்தது; இன்று கார்களின் டேஷ்போர்டுத் திரைகளில் க்யூட் பரவலாக ஓடுகிறது. ஆகவே காட்லின் படிக்கும்போது கோரூட்டீன் ஏன் வந்தது, திரை உறையாமல் பின்னணியில் வேலை நடப்பது எப்படி, நிலையைத் திரையிலிருந்து பிரித்து வைப்பது எதற்கு என்று காரணத்தோடு படியுங்கள். ஐபோனுக்கோ ஃபிளட்டருக்கோ போனாலும் இதே கேள்விகள்தான் வேறு பெயரில் வரும்.

என் மகன் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறான். வேலூரில் ஒரு பயிற்சி மையம் 65 ஆயிரம் கட்டினால் நூறு சதவீதம் வேலை என்கிறது. நகையை வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், அணைக்கட்டு

வேண்டாம் அம்மா. நகையை வைக்காதீர்கள். நூறு சதவீதம் வேலை என்று யாராலும் உறுதி தர முடியாது. உறுதி என்றால் வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் தவணையாகக் கட்டுகிறேன், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்; பேச்சு அங்கேயே நின்றுவிடும். போன வருடம் முடித்தவர்கள் மூன்று பேரின் போன் எண்ணைக் கேட்டு நீங்களே பேசுங்கள். மகனை மூன்று மாதம் இலவசப் பாடங்களில் தினமும் உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்தால், அப்போது எங்கே சிக்குகிறது என்று அவனுக்கே தெரியும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் வைத்துக் கற்பது ரொம்பக் குறைந்த செலவில் முடியும். உட்காரவில்லை என்றால் 65 ஆயிரம் கட்டினாலும் உட்கார மாட்டான்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. புரோகிராமிங் படிக்கப் புதிதுதான் வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, அரக்கோணம்

வாங்க வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. ராம் எட்டு ஜி.பி. இருந்தால் இலவச லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போடுங்கள், நான்கு ஜி.பி. என்றால் இன்னும் இலேசான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. எஸ்.எஸ்.டி. (வேகமான டிஸ்க்) இல்லையென்றால் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதை மட்டும் போட்டாலே புது மெஷின் மாதிரி ஓடும். கிளவுடில் இருக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ்தான் என்பதால், டெர்மினலில் கோப்பு தேடுவது, அனுமதி மாற்றுவது, ஒரு சர்வீஸை நிறுத்தித் தொடங்குவது என்று வீட்டு லேப்டாப்பில் பழகுவதெல்லாம் வேலைக்கே ஆகும். பைத்தான் அதிலேயே இருக்கும். ஜாவா, போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல்., கிட் எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டளையில் வந்துவிடும். போடுவதற்கு முன் போட்டோக்கள், கல்லூரி ரெக்கார்டு எல்லாவற்றையும் வெளியே ஒரு டிரைவில் எடுத்துவிட்டு, எடுத்தது இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பென் டிரைவிலிருந்தே நேரடியாக ஓடவிட்டு வைஃபை, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று முதலில் சோதிக்கலாம், அதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.